யூ-டர்ன் பலகை இல்லாத சந்தியில்: வேஸா, ஓஎஸ்எம்மா?

என் மைத்துனர் கேட்டரிங் வேன் ஓட்டுகிறார். போன மாதம் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு அடுக்குமாடி புளோக்குக்கு மதியச் சாப்பாடு. அஞ்சல் குறியீட்டைத் தட்டியிருக்கிறார். வழிகாட்டிச் செயலி கொண்டுபோய் நிறுத்திய இடம் புளோக்கின் முதுகுப் பக்கம், வேலிக்கு வெளியே. "மச்சான், ரசத்தைத் தூக்கிட்டு வேலி ஏறிக் குதிக்கவா?" என்று போனில் கத்தினார். இரவு வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி: "நாமளே மேப்பைத் திருத்தலாமாமே, எதுல திருத்துறது?"

அப்படித் திருத்தக்கூடிய இரண்டு வரைபடங்களில் கொஞ்ச காலமாகக் கை வைத்துவருகிறேன் என்பதால் அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். போட்டி வேஸ் என்ற வழிகாட்டிச் செயலிக்கும், யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் (சுருக்கமாக ஓஎஸ்எம்) என்ற இணைய வரைபடத்துக்கும்தான். கூகல் மேப்ஸில் தொண்டர்களே சாலை வரைய விட்ட 'மேப் மேக்கர்' 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இப்போது யோசனை மட்டும் அனுப்பலாம், ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் பாடு. நம் நில ஆணையத்தின் ஒன்மேப் நல்ல வரைபடம்தான், ஆனால் அது நாம் வரைகிற பலகை இல்லை.

வேஸ் இஸ்ரேலில் பிறந்து 2013-ல் கூகல் கைக்குப் போனது. ஓஎஸ்எம் 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்தது. வேஸின் வழிகாட்டி விதிகளை எங்கே பிரித்தாலும் "வண்டியை எந்தப் பக்கம் விடலாம்?" என்ற கவலை தெரியும். ஓஎஸ்எம் விதிகள் "அங்கே போய் நின்றால் என்ன தெரிகிறது?" என்று கேட்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் நினைத்திருந்தேன், யூ-டர்னில் மாட்டிக்கொள்ளும் வரை.

பல நாடுகளில் தடைப் பலகை இல்லாவிட்டால் யூ-டர்ன் அடித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் தலைகீழ்: அனுமதிப் பலகை இருந்தால்தான் அடிக்கலாம். இப்போது நடுவே தடுப்பு உள்ள ஒரு பெரிய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அது இரண்டு ஒருவழிக் கோடுகள். குறுக்குச் சாலை அவற்றை வெட்டும்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு குட்டித் துண்டு உருவாகும். வடக்கே போகிறவர் வலப்புறம் திரும்பி அந்தத் துண்டில் ஏறி, உடனே மறுபடி வலப்புறம் திரும்பினால் யூ-டர்ன் முடிந்தது. மென்பொருளின் கணக்கில் அவை இரண்டு சாதாரண வலதுதிருப்பங்கள். போக்குவரத்து போலீஸின் கணக்கில் அபராதம்.

வேஸில் ஒரு துண்டைத் தொட்டால் அதன் முனையில் அம்புகள் முளைக்கும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. நான் முதல்முறை செய்த காரியம், அந்த இரண்டாவது வலது அம்பைச் சிவப்பாக்கியது. யூ-டர்ன் நின்றுவிட்டது, உண்மை. கூடவே குறுக்குச் சாலையிலிருந்து வந்து அதே துண்டைத் தாண்டி வலப்புறம் திரும்புகிறவர்களின் நியாயமான வழியும் செத்துப்போனது. அவர்களுக்கும் அதே அம்புதானே! இரண்டே நாளில் ஓட்டுநர் ஒருவரின் புகார் வரைபடத்தில் வந்து உட்கார்ந்தது. இதைச் சரியாகக் கட்ட 'ஜங்ஷன் பாக்ஸ்' என்ற கருவி இருக்கிறது. சந்தி முழுவதையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, எந்த வாயிலில் நுழைந்தவர் எந்த வாயிலில் வெளியேறலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவி மேல்நிலை எடிட்டர்கள் கையில். கேட்டு வாங்க வேண்டும்.

ஓஎஸ்எம்மில் இதற்கு 'ரெஸ்ட்ரிக்ஷன் ரிலேஷன்' போடுவோம். இந்தச் சாலையிலிருந்து, இந்தத் துண்டின் வழியாக, அந்தச் சாலைக்கு யூ-டர்ன் இல்லை. மூன்று உறுப்பு, ஒரே வரிச் செய்தி. குறுக்குச் சாலைக்காரருக்கு ஒரு பாதிப்பும் இல்லை. நேற்று சேர்ந்தவர்கூட யாரையும் கேட்காமல் போடலாம். இங்கே சிக்கல் வேறு மாதிரி வரும். கண்ணால் காண்பதை வரை என்பதுதான் ஓஎஸ்எம்மின் அடிப்படை விதி. நம் சந்தியில் காண்பதற்கு எதுவுமே இல்லையே, பலகை இல்லாததுதானே தடை! என் கட்சி, போடத்தான் வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. திருத்தக் குறிப்பில் "அனுமதிப் பலகை இல்லை, நேரில் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதிவிடுவேன்.

அடுத்து கார்பார்க். வேஸில் 'பார்க்கிங் லாட் ரோடு' என்று தனி வகை உண்டு. அதற்குள் புகுந்து குறுக்கே வெளியேறும் வழியைச் செயலி தானாகவே தவிர்க்கும். நுழைவு, வெளியேற்றம், முக்கியமான தடங்கள் வரைந்தால் போதும். ஒவ்வொரு வரிசையையும் இழுத்துவைத்தால் வண்டி எதில் நிற்கிறது என்று ஜிபிஎஸ் குழம்பும். அடுக்குமாடி கார்பார்க் என்றால் கேட்கவே வேண்டாம். ஓஎஸ்எம்காரர்களோ வரிசை, தடுப்புக் கம்பம், படிக்கட்டு என்று எல்லாவற்றையும் வரைவார்கள். வரையட்டும், அங்கே அதற்குத் தடை இல்லை.

பெயர் விஷயத்தில் நான் ஓஎஸ்எம் பக்கம். சாலைப் பலகையில் 'அவென்யூ', 'அப்பர்' எல்லாம் இடத்துக்காகக் குறுக்கப்பட்டிருந்தாலும் வரைபடத்தில் முழுதாக எழுத வேண்டும் என்பது அதன் விதி. வேஸுக்குக் குரல் முக்கியம், திரையில் இடமும் குறைவு. அமெரிக்க வேஸ் வழிகாட்டி சுருக்கமாகவே எழுதச் சொல்கிறது, குரல் அதை விரித்துப் படித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே இறக்கினால், 'எஸ்டி' (St) என்ற ஒரே சுருக்கம் ஈசூன் ஸ்திரீட் 11-இலும் வரும், செயிண்ட் மைக்கேல்ஸ் ரோட்டிலும் வரும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வழிகாட்டி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

தமிழ்ப் பெயர் என்று வந்தால் வேஸில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஓஎஸ்எம்மில் மொழிவாரியாகப் பெயர்ப் புலம் உண்டு, தமிழுக்கும் உண்டு. உடனே உற்சாகத்தில் கேலாங் வட்டாரத்தின் லோரோங் (சந்து) அத்தனையையும் தமிழ் எழுத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெறும் எழுத்துப்பெயர்ப்பை அந்தப் புலத்தில் நிரப்புவதை விதிகள் விரும்புவதில்லை. மக்கள் நிஜமாகப் புழங்கும் பெயராக இருக்க வேண்டும். சிராங்கூன் சாலை, தேக்கா எல்லாம் தாராளமாகப் போகும். அந்த வட்டாரத்தை ஒரு காலத்தில் நம் ஆட்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். அதற்குப் பழைய பெயர் என்று வேறு புலம் இருக்கிறது. ரோட்டைச் 'சடக்கு' என்று சொன்ன தாத்தாவுக்கு இது தெரிந்தால் மகிழ்ந்திருப்பார்.

தைப்பூசத்துக்கு வேஸ்தான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும் வழியில் தடங்கள் மூடப்படும். தொடங்கும் நேரம், முடியும் நேரம் போட்டுச் சாலையை மூடிவைக்க வேஸில் வசதி உண்டு, நேரம் முடிந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். எல்லா எடிட்டருக்கும் அந்த அனுமதி கிடைக்காது என்பது மட்டும்தான் குறை. ஓஎஸ்எம்மில் ஓரிரு நாள் மூடலை வரையக்கூடாது. தரவை எடுத்துச் சாதனத்தில் வைத்துக்கொண்டவர்களிடம் மூடிய சாலை மூடியபடியே மாதக்கணக்கில் கிடக்கும் அல்லவா? லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் மாதிரி வாகனம் போகாததாகவே ஆகிவிட்ட தெருவை மட்டும் தைரியமாக மாற்றலாம்.

யார் எதைத் தொடலாம்? வேஸில் எடிட்டர்களுக்கு 1 முதல் 6 வரை நிலை, சாலைகளுக்கும் அதே கணக்கில் பூட்டு. புதியவர் செயலியைத் திறந்துவைத்து ஓட்டிய பாதையை ஒட்டித்தான் திருத்த முடியும். விரைவுச்சாலையைத் தொட மேலே ஒருவரிடம் போக வேண்டும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஓஎஸ்எம்மில் முதல் நாள் இரவே தீவு விரைவுச்சாலையை இழுத்து நகர்த்த முடியும் என்று தெரிந்தபோது பயமாக இருந்தது. தப்பு செய்தால் வரலாற்றைப் பார்த்து யாராவது திருப்பிவிடுவார்கள்தான், அதுவரை ஊருக்கே அந்தச் சாலைதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வேஸின் திருத்தும் கருவிக்குள்ளேயே கூகல் ஸ்ட்ரீட் வியூ என்ற தெருப் படங்கள் இருக்கின்றன, பார்த்து எழுதலாம். ஓஎஸ்எம்மில் அதைப் பார்த்து ஒரு கடைப் பெயர்கூட எழுதக்கூடாது, காப்புரிமைச் சிக்கல். இரண்டிலும் வேலை செய்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். ஓஎஸ்எம் தரவை உரிம விதிக்கு உட்பட்டு யாரும் இறக்கி எடுத்துக்கொள்ளலாம், வாடகைக் கார் செயலியான கிராப்கூட அதைப் பயன்படுத்துகிறது. வேஸில் போட்ட உழைப்பு அந்த நிறுவனத்தோடே இருக்கும்.

ஆகவே மைத்துனருக்கு இரண்டையும் பிரித்துக் கொடுத்தேன். தப்பான திருப்பம், மூடிய வழி என்றால் வேஸ். புளோக், வாசல், நடைபாதை என்று அசையாமல் இருப்பவை என்றால் ஓஎஸ்எம். ஈசூன் புளோக்குக்கு வேஸில் நுழைவுப் புள்ளியைக் கார்பார்க் பக்கம் நகர்த்தினோம். ஓஎஸ்எம்மில் வேலியை அவரே வரைந்தார், கொஞ்சம் கோபத்தோடுதான். கோடு கோணலாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அந்தப் பக்கம் ஆர்டர் இருக்கிறதாம், போகும்போது சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.