மாதம் ஆயிரம், மேலப்பாளையம் வாசலில்: உரிமைத் தொகை ஒரு சேவையாக எப்படி இருக்கிறது?

மாதம் பிறந்து 15 ஆனால் கணக்கில் ஆயிரம் ரூபாய். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க ஆளில்லை, ரசீதும் காட்ட வேண்டாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை மேடையில் புகழ்ந்தும் ஏசியும் பேசி முடித்துவிட்டார்கள். கேஸ் ஏஜென்சியையோ பாங்கையோ எடைபோடுவதுபோல, ஒரு சேவையாக மட்டும் இதை இங்கே எடைபோடுகிறோம். பணம் சொன்ன நாளில் வருகிறதா, வாசல் எவ்வளவு அகலம், ரிப்பேர் ஆனால் யாரிடம் போவது என்பதுதான் கணக்கு. 55 வார்டு உள்ள நெல்லை மாநகராட்சி நாளைக்கு ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒரு அடிப்படை வருமானச் சோதனையை (நிபந்தனையில்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்ப்பது) தொடங்கினால், இதிலிருந்து எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஒப்பிட ஒரு தராசு வேண்டுமே. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரம், மைக்கேல் டப்ஸ் மேயராக இருந்தபோது, 2019 பிப்ரவரியில் 125 பேருக்கு மாதம் 500 டாலர் கொடுக்கத் தொடங்கியது. 24 மாதத் திட்டம். ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். நகரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பம் இதற்கு மேலே, பாதி கீழே) ஆண்டுக்கு 46,033 டாலர். அந்த அளவிலோ அதற்குக் கீழோ வருமானம் உள்ள வட்டாரங்களில் குடியிருக்கிற, 18 வயது நிரம்பிய யாரும் தகுதி. அதற்குமேல் குலுக்கல். ஏழைதானா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குடையவில்லை. பணம் வாங்கியவர்களில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் முதல் ஆண்டிலேயே 28 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். சாராயம், புகையிலைக்குப் போனது 1 சதவீதத்துக்கும் குறைவு. ‘சும்மா காசு கொடுத்தா சோம்பேறி ஆயிருவான்’ என்கிற டீக்கடைத் தீர்ப்புக்கு அது போதும்.

இங்கே நடந்தது வேறு. குலுக்கல் கிடையாது, சல்லடைதான். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நஞ்சை என்றால் 5 ஏக்கர், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்கு மிகக்கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் கூடாது, அரசு வேலை கூடாது, முதியோர் உதவித்தொகை மாதிரி வேறு உதவி வாங்கக்கூடாது. முதல் சுற்றில் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் தேர்வானார்கள். மூன்றில் ஒருவர் வெளியே. அதில் வசதியானவர்களும் இருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் சல்லடையின் கண் எங்கே கோணல் என்பதை நம்ம ஊரில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் வளவு. டவுனிலும் மேலப்பாளையத்திலும் ஒரே வாசலுக்குள் நாலைந்து குடும்பம் குடியிருக்கும்; பல இடங்களில் மீட்டர் ஒன்று, சப்-மீட்டர் வைத்து வீட்டுக்காரர் வசூல் செய்வார். விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்பது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்தான். அஞ்சு குடும்பம் ஒரே எண்ணைக் கொடுத்தால் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். பில்லில் இருப்பது வீட்டுக்காரர் பெயர், மாட்டுவது குடியிருப்பவர். மேல்முறையீட்டுக்குப் போகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், சப்-மீட்டர் ரீடிங் எழுதிய நோட்டு, அதே எண்ணில் இன்னும் எத்தனை அட்டை இருக்கிறது என்கிற விவரம் மூன்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்தது நிலம். அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு ஏக்கர் நஞ்சையும், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் பத்து ஏக்கரும் ஒன்றா? அந்தத் தேரியில் முள்தான் ஒழுங்காக விளையும். அதைவிட மோசம் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் ஒன்பது ஏக்கர் நஞ்சை, வாரிசு பதினோரு பேர், இன்னும் பிரிக்கவில்லை என்றால், பேத்திக்கு உண்மையில் சேருவது என்ன என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நகரத்துக்குள் சோதனை என்றால் நிலக் கேள்வியையே எடுத்துவிடலாம், வேலை மிச்சம்.

மூன்றாவது, விற்ற கார். பத்து வருடத்துக்கு முன் ஓட்டிய பழைய மாருதி ஆம்னியைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டிருப்பார்கள். பதிவேட்டில் இன்றைக்கும் அவர்தான் காருக்குச் சொந்தக்காரர். படிவம் 29, 30 கொடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயரை மாற்றின பிறகுதான் சல்லடை விடும். 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் மறுபடி விண்ணப்பம் வாங்கியபோது, அரசு மானியத்தில் நாற்சக்கர வண்டி வாங்கிய குடும்பங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். விற்ற காருக்கு அது பொருந்தாது. கடன் வாங்குவதற்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டி ரிட்டர்ன் போட்டவர்களுக்கும் இதே சிக்கல்தான். பாங்குக்குக் காட்டின கணக்கு இங்கே திரும்பிக் கடிக்கும்.

சல்லடைக்கு பத்துக்கு ஐந்துதான் போட முடிகிறது. விண்ணப்பம் வாங்கிய விதத்துக்கு எட்டு. ரேஷன் கடை வழியாக வீடுதேடி டோக்கனும் படிவமும் வந்தன. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். வருமானச் சான்று, நில ஆவணம் எதையும் இணைக்க வேண்டாம் என்று சொன்னது பெரிய விஷயம். தாலுகா ஆபீஸ் வாசலில் புரோக்கர் கூட்டம் சேராமல் போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

இனி பணம் கைக்கு வருகிற இடம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் கைகளுக்கு இது தனிப் பாடு. மடியில் சொளவு (முறம்), சொளவில் நனைத்த இலையும் தூளும். இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, நுனியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துதான் மடக்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில், வருடக்கணக்கில். ரேகை தேய்கிற இடமும் அந்த இரண்டு விரல் நுனிதான். 15ஆம் தேதிக்கு மறுநாள் தெருமுனை வங்கி முகவர் கடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

“லாத்தா, விரலை நல்லா தொடச்சிட்டு வைங்க.”

“தொடச்சிட்டுதான் வைக்கேன் தம்பி. மெஷின்தான் எடுக்க மாட்டேங்கு.”

மெஷினில் ‘பயோமெட்ரிக் மிஸ்மேட்ச்’. இன்னும் அழுத்தி வைக்கச் சொல்வார்கள்; அது தப்பு. அழுத்தினால் இருக்கிற ரேகையும் தட்டையாகிப் படியாது. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும், அதனால் மோதிர விரலையோ சுண்டு விரலையோ வைக்க வேண்டும். இலை மடக்கும் வேலையில் அவை படுவதில்லை. காய்ந்து வெடித்த தோல் என்றால் துளி எண்ணெய் தடவி, பிசுக்கில்லாமல் துடைத்து வையுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், இல்லாவிட்டால் ஏடிஎம் கார்டு வாங்கிவிடலாம். மாநகராட்சிச் சோதனைக்கு எங்கள் பரிந்துரை, முதல் நாளே கார்டு. ஸ்டாக்டனும் டெபிட் கார்டில்தான் கொடுத்தது. விரலை நம்பி மேலப்பாளையத்தில் ஒரு திட்டம் போடுவது, ஆற்றுமணலில் குறி வைத்துவிட்டு வருவது மாதிரி.

கணக்கில் விழுந்த ஆயிரம் கைக்கு எண்ணூறாக வருவதும் உண்டு. காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, குறைந்தபட்ச இருப்பு அபராதமும் எஸ்எம்எஸ் கட்டணமும். இதற்கு மருந்து, கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பது. இருப்பு வைக்க வேண்டியதில்லை, மாதம் நாலு முறை கட்டணமில்லாமல் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அது ஒரு நிபந்தனை. இன்னொன்று, குழுக்கடனோ தவணைக்கடனோ வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தானியங்கிப் பிடித்தம். அந்தக் கணக்கும் உரிமைத் தொகைக் கணக்கும் ஒன்றாக இருந்தால், ஆயிரம் விழுந்த வேகத்தில் தவணை உருவிக்கொண்டு போகும். போதாத பணத்துக்கு முயன்று திரும்பினால், திரும்பிய கட்டணம் வேறு. கடன் ஓடாத கணக்கு ஒன்று தனியாக இருப்பது இந்த ஊரில் அவசியம்.

‘பணம் போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, பாங்குல இல்ல’ என்கிற புகாருக்குப் பாதி நேரம் விடை எளிது. ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை உதவித்தொகைக்கென்று இணைத்தீர்களோ அங்கேதான் போகும். நூறு நாள் வேலைக்கோ கேஸ் மானியத்துக்கோ எப்போதோ திறந்த கணக்கு ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் இருக்கிற எல்லா பாஸ்புக்கையும் எடுத்துப் பதிவு போட்டுப் பாருங்கள். ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் மட்டும் பேசாமல் வைத்துவிடுங்கள். அரசாங்கம் அப்படிக் கேட்பதில்லை.

புகார் வழி பரவாயில்லை, ஆனால் குறுகல். நிராகரித்த காரணம் குறுஞ்செய்தியில் வரும். அது வந்து 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு. தீர்ப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். மாநகருக்குத் திருநெல்வேலி கோட்டம், மேற்கே போகப் போக சேரன்மகாதேவி கோட்டம். 1100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கோளாறு எங்கே என்றால், விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பர் மகனுடையதாக இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். செய்தி அங்கே போய், நாள் ஓடி, கெடு முடிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். நிராகரிப்பை ரேஷன் கடைப் பலகையில் அட்டை எண்ணோடு ஒட்டியிருந்தால் செலவு ஒரு தாள்.

ரேஷன் கடை என்றதும் 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்துபோன பிறகு, கடுமையாகப் பாதித்த வட்டங்களில் அட்டைக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடையிலேயே ரொக்கமாகக் கொடுத்தார்கள். கணக்குக் குழப்பமோ பிடித்தமோ இல்லை. ஒரு முறைக்கு அதுதான் சரி. மாதா மாதம் என்றால் சரிப்படாது; வரிசையில் நின்றே ஒரு நாள் பீடிக்கூலி போய்விடும், ரொக்கம் வாங்குகிறவள் யார் என்று தெருவே பார்க்கும்.

தொகையின் அளவு பற்றி? ஆயிரத்தில் ஒரு குடும்பம் வாழாது; வாழவைக்கும் என்று யாரும் சொல்லவுமில்லை. சிறு தொகையும் ஒழுங்காக வந்தால் வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2011 முதல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு நடத்திய சோதனையில், பெரியவர்களுக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100 ரூபாய்; ஓராண்டுக்குப் பின் 300, 150. அட்டைக்கு ஒருவர் என்றில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். உரிமைத் தொகையில் எங்களுக்குள்ள பெரிய குறை இங்கேதான்: மாமியாரும் இரண்டு மருமக்களும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். யாருக்கு என்பதில் வரும் சண்டைக்கு 1100இல் பதில் கிடையாது.

மாநகராட்சிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 பேர், மாதம் 1,500 ரூபாய், 24 மாதம் என்றால் 1 கோடியே 80 லட்சம். மேலப்பாளையம் மண்டலத்தில் இரண்டு வார்டு, தச்சநல்லூரில் ஒன்று என்று முதலில் வார்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் குலுக்கல். பணம் வாங்காத, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்கிற இன்னொரு கூட்டம் வேண்டும். ஸ்டாக்டனில் அப்படி 200 பேர் இருந்தார்கள். அவர்கள் நேரத்துக்கும் காசு கொடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் கதவைத் திறக்க மாட்டார்கள். மிக முக்கியமானது, இந்த 1,500 வருவதால் முதியோர் தொகையோ உரிமைத் தொகையோ ரத்தாகாது என்று மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுவது. அந்தக் கடிதம் இல்லாமல் முதல் தவணை போடக்கூடாது.

தொடங்கும் தேதியைவிட முடியும் தேதியைக் கவனித்து வைக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி பீடிக் கம்பெனி போனஸ் வரும், அப்போது கை கொஞ்சம் தாங்கும். ஜூனில் பள்ளிக்கூடச் செலவு கழுத்தைப் பிடிக்கும். 24ஆவது தவணை மே மாதத்தில் விழுகிற மாதிரி தொடங்கிவிட்டால், பழகின பணம் நின்ற அடுத்த மாதமே கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வருவார். நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியுங்கள். கடைசி ஆறு தவணைக்கும் ‘இன்னும் இத்தனை மாதம்’ என்று பாஸ்புக்கில் படுகிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.