ஃபூஜி ஆற்றின் இரு கரையிலும் ஒரு பானாசோனிக் ஜிஎச்5

டோக்கியோவில் என் பானாசோனிக் ஜிஎச்5 கேமராவில் மூன்று நாட்கள் எடுத்த வீடியோக் காட்சிகளில் ஒரு குறையும் தெரியவில்லை. நான்காம் நாள் ஒசாகாவில், எட்டுப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஊதோன் என்னும் தடித்த நூடுல்ஸ் விற்கும் ஒரு சிறிய கடைக்குள் அதே கேமராவை வினாடிக்கு அதே 25 ஃபிரேம் (படம்), அதே 1/50 வினாடி ஷட்டர் வேகத்தில் வைத்து எடுத்தேன். இரவு விடுதியில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது, கடைச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை விலைத்தாள்களின் மேல் மங்கலான பட்டை ஒன்று, யாரோ ஈரத்துணியால் துடைப்பதைப் போல விடாமல் நகர்ந்துகொண்டிருந்தது. கேமராவின் சிறிய திரையில் அது என் கண்ணில் படவே இல்லை. குற்றம் கேமராவினுடையது அன்று, என்னுடையது.

ஜப்பானில் மின்சாரத்தின் அதிர்வெண் நாடு முழுவதும் ஒன்றல்ல. 1890களில் டோக்கியோ ஜெர்மானிய மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவாக, இன்றும் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 சுழற்சி), மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்றே இருக்கிறது. ஷிசுவோகா மாவட்டத்தில் ஓடும் ஃபூஜி ஆற்றை ஒட்டித்தான் எல்லை. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மட்டும், அதிர்வெண்ணை மாற்றும் நிலையங்கள் வழியாக, முழுத் தடத்திலும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரமே கிடைக்கிறது. நம் கேமராவுக்கு அப்படி யாரும் மாற்றித் தருவதில்லை.

மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு முறை துடிக்கும் என்பதால், டோக்கியோவின் பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறையும் ஒசாகாவில் அதே விளக்கு 120 முறையும் துடிக்கிறது. 1/50 வினாடி ஷட்டர் திறந்திருந்தால் டோக்கியோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், ஒசாகாவிலோ 2.4 துடிப்பு விழும். அந்த மிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி, ஐந்து ஃபிரேமுக்கு ஒரு முறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைத்தான் விலைத்தாளின் மேல் நகரும் பட்டையாகப் பார்த்தேன்.

ஜிஎச்5 விற்பனையில் இதற்கென்றே பெரிதாகப் பேசப்படுவது ‘சிஸ்டம் ஃப்ரீக்வென்ஸி’ என்னும் அமைப்பு: 59.94, 50, 24 என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தபின் கேமராவை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். நல்ல வசதிதான். ஆனால் அது மாற்றுவது ஃபிரேம் வேகங்களின் பட்டியலை. ஃப்ளிக்கருக்கு, அதாவது விளக்கின் துடிப்பு படத்தில் பட்டையாகத் தெரிவதற்கு, மருந்து அதுவன்று. சென்னையில் முடிக்கப்போகும் 25 ஃபிரேம் படத்துக்காக ஒசாகாவில் 30 ஃபிரேமுக்கு மாறினால், பின்னால் தொகுப்பில் அசைவு தடுக்கித் தடுக்கி நிற்கும். நான் 25 ஃபிரேமிலேயே நின்று ஷட்டரை மட்டும் 1/60 ஆக்கினேன். ஒரு ஃபிரேமின் முழு நேரத்தை 360 பாகையாகக் கொள்ளும் ஷட்டர் கோணக் கணக்கில் இது 180 பாகையிலிருந்து 150 பாகை. இழக்கும் ஒளி கால் ஸ்டாப் அளவே (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). மறுநாள் அதே கடையில் அதே இருக்கையில் அமர்ந்து எடுத்தபோது தாள்கள் தாள்களாகவே நின்றன. கடைக்காரர்தான் நான் இரண்டாவது முறையும் சுவரையே படம் பிடிப்பதைக் கண்டு சற்றுக் குழம்பினார்.

மெனுவுக்குள் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கும் ‘ஃப்ளிக்கர் டிக்ரீஸ்’ என்ற அமைப்பையே நான் இந்தக் கேமராவின் சிறந்த பயணத் துணை என்பேன். 1/50, 1/60, 1/100, 1/120 என்று நான்கே எண்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தானியங்கி முறையில் எடுப்பவர் கையிலும் ஷட்டர் அந்த இடத்தைவிட்டு நகராது.

இவை எல்லாம் மின்கம்பியின் துடிப்பையே பின்பற்றும் விளக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்த எல்ஈடி விளக்குகள் பல, ஊரின் அதிர்வெண்ணுக்குச் சற்றும் தொடர்பில்லாத வேகத்தில் அணைந்து எரிபவை. க்யோட்டோவில் ஒரு கடையின் பெயர்ப்பலகை 1/50, 1/60 இரண்டிலும் கோடு கோடாகவே வந்தது. அங்கே ‘சிங்க்ரோ ஸ்கேன்’ கைகொடுத்தது. ஷட்டர் வேகத்தைத் தசமப் புள்ளி அளவுக்கு நுணுக்கி நகர்த்த விடும் அமைப்பு இது. திரையைப் பார்த்தபடியே மெல்ல நகர்த்தினால், கோடுகள் அகன்று, தயங்கி, ஓரிடத்தில் கரைந்துபோகின்றன. பொறுமை வேண்டும், பரபரப்பான இடத்தில் இதற்கு நேரம் கிடைக்காது. மேலும், வெவ்வேறு வகை விளக்குகள் இரண்டு ஒரே காட்சியில் இருந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடலாம்.

மெதுவோட்டக் காட்சிக்காக வினாடிக்கு 180 ஃபிரேம் வரை போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்குபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஷட்டர் 1/180 வினாடிக்கு மேல் திறந்திருக்க முடியாது. ஒரு துடிப்பே முழுதாக அடங்காத இடத்தில் எந்த அமைப்பும் உதவாது. டியூப் லைட்டின் கீழ் அதை முயல வேண்டாம். வெயிலில் தாராளமாக எடுக்கலாம்.

2017இல் வந்த கேமரா என்பதால் இன்று இதைப் பயன்படுத்தியதாகத்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும். வாங்குமுன் கடையின் டியூப் லைட்டையே நோக்கி 1/50இலும் 1/60இலும் பத்துப் பத்து வினாடி எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 1/60இல்தான் பட்டை வர வேண்டும். நான் ஊர் திரும்பி, ஷட்டரை மாற்ற மறந்து, வீட்டுக் கூடத்தில் எடுத்த முதல் காட்சியில் அது தவறாமல் வந்தது.