சின்ன லேத்துக்கு பிரேக்: டிசி பெட்டியா, டிரைவா, காந்த பிரேக்கா?

என் லேத் பழையது, சின்னது. அரை ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், வி-பெல்ட், சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் மரையில் திருகி மாட்டும் ஐந்து அங்குல சக் (வேலைப் பொருளைக் கவ்விப் பிடிப்பது). ஆயிரம் ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஸ்விட்சை அணைத்தால் நிற்க ஆறேழு வினாடி ஆகும். கேட்க ஒன்றுமில்லை மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு புஷ் கடைந்து முடிப்பதற்குள் வெர்னியர் வைத்துப் பார்க்க பதினைந்து தடவை நிறுத்த வேண்டும், ஐந்தாவது தடவைக்குள் உள்ளங்கை தானாகவே சக்கின் மேல் போய்விடுகிறது. ஒருநாள் சட்டைக் கையின் நுனியை சக்கின் கவ்வும் பல், அதாவது ஜா, உரசிவிட்டுப் போனது. அன்றைக்கு முடிவு பண்ணியதுதான் இந்த பிரேக்.

மூன்று வழிகளைப் பார்த்தேன். இரண்டை என் லேத்திலேயே போட்டு ஓட்டினேன், மூன்றாவதை நண்பர் பட்டறையில் அரை நாள் தொட்டுப் பார்த்ததோடு சரி.

அந்த மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் பின்பக்கம், ஃபேன் இருக்கும் இடத்தில் மாட்டும் காந்த பிரேக். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கும், காயிலுக்கு கரண்ட் போனால் விடும். கரண்ட் கட்டானாலும் பிடிக்கும் என்பது மற்ற இரண்டிலும் இல்லாத நல்ல குணம். ஆனால் பின்பக்க ஷாஃப்டை நீட்ட வேண்டும், லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிபண்ண வேண்டும். எல்லாவற்றையும்விட, மெஷின் நிற்கும்போது சக்கைக் கையால் சுற்ற முடியாது. ஃபோர் ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து சென்டர் பிடிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. விடுவிக்க லீவர் வைத்த மாடல்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்குப் பின்னால் கையை விட்டு லீவரைத் தூக்க எனக்குப் பொறுமை இல்லை. ஹாய்ஸ்ட்டுக்கு அருமையான பொருள், லேத்துக்கு வேண்டாம்.

நான் முதலில் போட்டது டிசி பெட்டி. மோட்டாருக்குப் போகும் ஏசியை நிறுத்திவிட்டு ரன்னிங் வைண்டிங்கில் கொஞ்சம் டிசி கொடுத்தால் ரோட்டார் இழுத்துப் பிடித்த மாதிரி நிற்கும். ஒரு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், இரண்டு கான்டாக்டர் (காயில் இழுத்து மூடும் ஸ்விட்ச்), ஒரு டைமர், அவ்வளவுதான் செலவு. ஒரு கான்டாக்டர் விழுந்த பிறகே மற்றது ஏறும்படி இன்டர்லாக் கட்டாயம் வேண்டும், ஏசியும் டிசியும் ஒரே நேரத்தில் சந்தித்தால் பிரிட்ஜுக்குக் கருமாதிதான். டைமர் மூன்று வினாடியில் டிசியை வெட்டவில்லை என்றால் வைண்டிங் சும்மா கிடந்து சூடேறும்.

வேலை செய்ததா? செய்தது. இரண்டு வினாடியில் நின்றது, ஒரு வாரம் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் நிறுத்திவிட்டு வெர்னியரை எடுத்தபோது சக்குக்கும் அது முட்டி உட்காரும் ஸ்பிண்டில் தோளுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. என் ஸ்பிண்டில் மரை மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தில் உள்ள அதே அளவு, 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. அதாவது ஒரு சுற்று கழன்றால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். சக் முழுசாக ஒரு சுற்று கழன்று நின்றிருக்கிறது! அடுத்து ஸ்டார்ட் பண்ணியதும் டக்கென்று தோளில் அறைந்து இறுகியது, அதைக் கழற்ற மரக்கட்டை வைத்து அடிக்க வேண்டியிருந்தது.

முடிவை மாற்றியது இந்த ஒரு விஷயம்தான். கடையும்போது வெட்டு விசை சக்கை இறுக்கும் திசையில் தள்ளும். பிரேக் போட்டால் ஸ்பிண்டில் நிற்கிறது, நாலு கிலோ சக் தன் வேகத்தில் போகப் பார்க்கிறது, அது கழலும் திசை. அதனால் எத்தனை வினாடியில் நிற்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. டிசி பிரேக்கின் குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது: வேகமாக ஓடும்போது பிடி குறைவு, வேகம் இறங்க இறங்க பிடி ஏறும், நிற்பதற்குச் சற்று முன்னால்தான் உச்சம். முதலில் தடவிக்கொடுத்துவிட்டு கடைசியில் வெடுக்கென்று இழுக்கும். வோல்ட்டைப் பாதியாகக் குறைத்தேன், வெடுக் போனது, கூடவே பிரேக்கும் போனது, நிற்க ஐந்து வினாடி.

சரி என்று டிரைவுக்கு மாறினேன், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை ஏற்றி இறக்கும் பெட்டி. இதற்கு த்ரீ பேஸ் மோட்டார் வேண்டும், கோயம்புத்தூரில் பழைய அரை ஹெச்.பி. மோட்டார் தேடுவது ஒரு சிரமமே இல்லை. வாங்கும் முன் டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஆறு முனை வெளியே வந்திருக்கிறதா பாருங்கள். வீட்டு 230 வோல்ட் எடுக்கும் டிரைவ் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான் தரும், அதனால் 415 வோல்ட் ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும் (இரண்டும் மூன்று வைண்டிங்கை இணைக்கும் முறைகள்). மூன்று முனை மட்டும் இருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கும், வைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

டிரைவில் நிற்கும் நேரத்தை வினாடியில் எழுதிவிடலாம், வேகம் ஒரே சீராக இறங்கும், கடைசி இழுப்பு இல்லை. அந்த நேரம் 50 ஹெர்ட்ஸிலிருந்து பூஜ்யம் வரைக்கானது, 25-இல் ஓடினால் பாதி நேரத்தில் நின்றுவிடும். சில டிரைவ்களில் நிற்கும் கட்டத்தில் கொஞ்சம் டிசி கொடுக்கும் செட்டிங்கும் இருக்கும். பழைய வெடுக் அந்த வழியாக வந்துவிடாமல் அதைப் பூஜ்யமாக்கினேன். நான் வைத்திருப்பது இரண்டரை வினாடி. ஒரு வினாடிக்கு இறக்கிப் பார்த்தபோது ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆனது, டிரிப் ஆனால் மோட்டாரை அப்படியே விட்டுவிடும், பிரேக்கே இல்லாத நிலைமை. நிற்கும்போது சுற்றும் சக்தி டிரைவுக்குள்தான் திரும்பி வரும், சக்கிலும் ரோட்டாரிலும் சேர்ந்து இருப்பது ஐம்பது அறுபது ஜூல்தான், அதனால் இரண்டரை வினாடிக்கு அதை எரிக்கும் ரெசிஸ்டர் தேவைப்படவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அது நாலு மடங்காகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இப்போதும் மாதம் ஒரு தடவை நகத்தை விட்டுப் பார்க்கிறேன், இதுவரை இடைவெளி இல்லை.

ஸ்டாப் பட்டனை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் மாட்டுங்கள். மெயினை அணைத்தால் மோட்டார் பழையபடி சும்மா சுற்றிக்கொண்டுதான் நிற்கும், கரண்ட் போனாலும் அதே கதைதான். இரும்புத்தூள் படாமல் டிரைவைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மோட்டாரோடு சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது, டிசி பெட்டி அதில் கால்வாசிகூட இல்லை. இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது, பத்து வருஷம் ஓடுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உங்களுடையது நிரந்தர காந்தமும் பிரஷ்ஷும் வைத்த டிசி மோட்டார் என்றால் இவ்வளவும் வேண்டாம், சப்ளையை வெட்டியதும் ஆர்மேச்சருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வந்தால் போதும். பழைய டிரெட்மில் மோட்டாராக இருந்தால் ஃப்ளைவீலைப் பார்த்துக்கொள்ளுங்கள், பலவற்றில் அதுவும் மரையில்தான் திருகியிருக்கும்.

மிஞ்சிய டிசி பெட்டியை கிரைண்டருக்குப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். வீலைப் பிடித்திருக்கும் நட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இப்போது அது பெஞ்ச் டிரில்லிங் மெஷினில் இருக்கிறது, அங்கே சக் மரையில் இல்லை, டேப்பரில் (கூம்புப் பிடிப்பில்) உட்கார்ந்திருக்கிறது.