ஓடைக்கல்: மலை தந்ததா, மனிதன் வார்த்ததா?

குன்னூர்ப் பக்கம் ஓடையில் கிடக்கும் சாம்பல் கல்லைக் கையில் எடுத்தால், பாறையா, உடைந்து உருண்ட கான்கிரீட்டா என்ற சந்தேகம் வந்துவிடும். தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்து வைத்திருக்கும்.

நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் வந்த பெயர் அது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. உடைத்த முகத்தில் நீலம் கலந்த கருஞ்சாம்பல், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. கனிமத் துகள்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கும்.

கான்கிரீட்டில் அந்தக் கோப்பு கிடையாது. மங்கலான சாந்துக்குள் ஜல்லி பதிந்து நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாந்தில் குண்டூசித் தலை அளவில் உருண்டைக் குழிகள் தெரியும். கலவையில் சிக்கிய காற்று. ஓடையில் தேய்ந்த துண்டில் சாந்து உள்வாங்கி, ஜல்லி புடைத்திருக்கும். துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இங்கே அந்த ஜல்லியே சார்னோகைட்டை உடைத்ததாக இருக்கலாம். ஒரு மூலையை மட்டும் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன். கனத்தையும் நம்ப வேண்டாம்: கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 2.4 மடங்கு, பாறை 2.7 அல்லது சற்றுக் கூட. கைக்கு அது பிடிபடாது.

சரி, அப்புறம் எதை நம்புவது? வினிகர். காய்ந்த துண்டைக் கொஞ்சம் சுரண்டி, சாந்தின் மேல் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். சார்னோகைட் சும்மா ஈரமாகும், அவ்வளவுதான்.