பூக்குழி: அம்மன் கணக்கும் கரியின் கணக்கும்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீக்குழிக்குப் பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தும். மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாக அதில் இறங்கி ஏறிய சித்தியின் பாதத்தில் சாம்பல் மட்டும்தான் இருந்தது. "விரதம் சுத்தமா இருந்தா ஆத்தா நெருப்பைப் பூவாக்கிடுவா" என்றார்.

இயற்பியல் சொல்வது வேறு. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் படிந்தால் இன்னும் மெதுவு. ஒவ்வொரு அடியும் நெருப்பில் படுவதோ நொடிக்கும் குறைவு. கேக் வேகும் அடுப்புக்குள் கையை நீட்டினால் காற்று சுடாது, தட்டு சுட்டுவிடும். சூடு இரண்டிலும் ஒன்றுதான்.

1935-ல் இங்கிலாந்தில் அமானுஷ்ய விஷயங்களை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ், குடா பக்ஸ் என்ற இந்திய வித்தைக்காரரைத் தீயில் நடக்கவைத்துச் சோதித்தார். காயமில்லை. 1937-ல் இன்னொரு சோதனை. மந்திரமோ விரதமோ தேவையில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். எனக்கும் அதுதான் சரி.

ஆனால் சித்தி இறங்கியது வெப்பக் கடத்தலை நிரூபிக்க அல்ல, தம்பியின் காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டதற்காக. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கரி சொல்லாது. அதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை வேறு இடத்தில். ஒரு வருடம் ஒருவர் தடுக்கி விழுந்து கை வெந்துபோனது. கரியின் கணக்குப்படி, கை கரியில் பட்ட நேரம் கூடிவிட்டது, அவ்வளவே. ஊர் சொன்னது: "விரதத்துல ஏதோ குறை." கட்டுப் போட்ட கையோடு அவர் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.