லெட்ஸ் ஈட் கிராண்ட்மா: முதல் ஆல்பமா, இரண்டாவதா?

'லெட்ஸ் ஈட் கிராண்ட்மா' இருவர் மட்டுமே உள்ள பாப் இசைக்குழு. அந்த இருவர், ரோசா வால்டனும் ஜென்னி ஹாலிங்வொர்த்தும், இங்கிலாந்தின் நாரிச் ஊர்க்காரர்கள்; நான்கு வயதிலிருந்தே தோழிகள். 2016-இல் 'ஐ, ஜெமினி' வந்தபோது இருவருமே பதின்வயதினர்.

அந்த முதல் ஆல்பத்தில் ரெக்கார்டர் என்ற குழல், சாக்சபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் க்ளாக்கன்ஸ்பீல் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஒலிக்கும். பேய்க்கதை சொல்லும் சிறுமிகளின் குரல். பாடுவது ரோசாவா, ஜென்னியா என்று பிரித்துச் சொல்வதே சிரமம். வசீகரம்தான், ஆனால் ஒரே மூச்சில் முழுதாகக் கேட்க எனக்குப் பொறுமை போதவில்லை.

2018-இல் வந்த 'ஐ'ம் ஆல் இயர்ஸ்' வேறு ரகம். இசைத் தயாரிப்பாளர் சோஃபியும், தி ஹாரர்ஸ் ராக் குழுவின் ஃபாரிஸ் பத்வானும் கைகொடுத்த 'ஹாட் பிங்க்' பாட்டில் மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒலி திடீரென்று உலோகம் நொறுங்குவது போல வெடிக்கிறது. 'ஃபாலிங் இன்டு மீ' நிஜமான பாப். ஆனாலும் ஆறு நிமிடத்துக்குக் கிட்டே. கடைசிப் பாட்டு 'டானி டார்கோ' பதினோரு நிமிடத்தைத் தாண்டுகிறது, நீளமே தெரியவில்லை. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை 'கியூ'வின் விருதும் இதற்குத்தான்.

புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். முதல் ஆல்பத்தை ராத்திரி விளக்கணைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.