பல மொழிச் சொல்வரலாறு தேட ஆங்கில விக்சனரி எப்படி? 'கிஃப்ட்' என்ற சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஸ்வீடிஷில் நஞ்சு என்றும் பொருள், மணமானவர் என்றும் பொருள். எல்லாமே 'கொடு' என்ற வினையிலிருந்து கிளைத்தவை. ஒரு சொற்பிறப்பு அகராதியின் தரத்தைச் சோதிக்க நல்ல சொல் இது. 2002 முதல் இயங்கும் இணைய அகராதியான ஆங்கில விக்சனரிக்குக் கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம்.

முதல் சிக்கல் தேடல் பெட்டியிலேயே வரும். விக்கிப்பீடியாவில் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்று கவலைப்பட வேண்டியதில்லை; இங்கே கவனிக்க வேண்டும். ஜெர்மனில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதால் ஜெர்மன் நஞ்சுக்குத் தனிப் பக்கம். ஆங்கிலம், டேனிஷ், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் சிறிய எழுத்தில் தொடங்கும் இன்னொரு பக்கத்தில். கைபேசி விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கி உங்களை ஜெர்மன் பக்கத்தில் கொண்டுவிடும். பக்கத்தின் உச்சியில் உள்ள 'சீ ஆல்சோ' வரியைத் தொட்டால் மற்றதற்குப் போகலாம்.

ஒவ்வொரு மொழியின் கீழும் சொற்பிறப்பைச் சொல்லும் 'எட்டிமாலஜி' பத்தி இருக்கும். அதில் 'இன்ஹெரிட்டட்' என்றால் அம்மொழியின் மூதாதை மொழியிலிருந்து வழிவழியாக வந்தது. 'பாரோட்' என்றால் கடன். 'செமாண்டிக் லோன்' என்றால் சொல் சொந்தம், பொருள் மட்டும் கடன். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு வாசித்தால் 'கிஃப்ட்' வரலாறு குழம்பிவிடும், ஏனெனில் இதில் மூன்றும் கலந்திருக்கின்றன.

பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் இருந்தது. மணப்பெண்ணுக்காகத் தரும் விலை என்று பொருள், பன்மையில் திருமணம். அப்போது முதல் எழுத்து யகரமாக ஒலித்தது. இன்றைய ககர ஒலியும் பரிசு என்ற பொருளும் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸின் தாக்கம். ஸ்வீடிஷின் 'மணமான' என்ற பொருள் மகளை மணம் செய்து கொடுப்பதிலிருந்து வந்தது. 'பெண் கொடுத்திருக்கிறோம்' என்று பேசும் நமக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

நஞ்சு வந்த வழி இன்னும் சுவையானது. கிரேக்க 'டோசிஸ்' என்பதற்குக் கொடுத்தல் என்று பொருள். பிறகு கொடுக்கும் மருந்தின் அளவு. அது லத்தீனுக்குப் போனது. அதைப் பார்த்து, ஜெர்மனின் முற்கால வடிவமான பழைய உயர் ஜெர்மன், கொடுத்தலைக் குறித்த தன் சொந்தச் சொல்லுக்கே அந்தப் பொருளை ஏற்றியது. நஞ்சை நேராகச் சொல்லாமல் 'கொடுத்தது' என்பது நம் இலக்கணம் மங்கலம் என்று சொல்லும் வழக்கைச் சேர்ந்தது. கொடை என்ற பழம்பொருள் இன்றைய ஜெர்மனில் சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' போன்ற சொல்லில் எஞ்சி நிற்கிறது. டச்சு இரண்டையும் பிரித்துவிட்டது: கொடைக்கு 'கிஃப்ட்', நஞ்சுக்குக் கடைசி டகரம் உதிர்ந்த 'கிஃப்'.

விக்சனரியின் உண்மையான பலம் மூலச்சொல் பக்கங்கள். இம்மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியான 'புரோட்டோ ஜெர்மானிக்' என்ற பெயருக்கு அடுத்துள்ள சொல்லைத் தொடுங்கள். 'டிசெண்டண்ட்ஸ்' (வழித்தோன்றல்கள்) பகுதியில் மொழிக் குடும்பமே கிளை கிளையாக விரியும். அம்புக்குறி போட்டவை கடன் சொற்கள். முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அச்சொல் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, அறிஞர்கள் மீட்டமைத்தது. பலர் இந்தக் குறியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். அது பெரும் பிழை.

ஒப்புமையில் ஏமாறாமல் இருக்கவும் இந்தப் பக்கங்கள் உதவும். ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் பொருள் ஒன்று, உருவமும் ஒத்திருக்கிறது. ஆனால் உறவு இல்லை. 'ஹேவ்' லத்தீன் 'காப்பெரே'க்கு உறவு. இரண்டின் மூலச்சொல்லையும் தனித்தனியே திறந்து பார்த்தால் வேர் வேறு என்பது தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு பொருள் முதலில் எப்போது எழுத்தில் வந்தது என்ற ஆண்டு பல பதிவுகளில் இல்லை. சான்று காட்டுவதும் ஒரே சீராக இல்லை. யாரும் திருத்தலாம் என்பதால் ஒரு மொழிப் பகுதி செழிப்பாகவும் அடுத்தது இரண்டு வரியிலும் நிற்கும். ஆகவே ஜெர்மன் சொல்லை டிடபிள்யுடிஎஸ் என்ற ஜெர்மன் அகராதித் தளத்தில் சரிபாருங்கள்; 1989-ல் வெளியான ஃபைஃபரின் சொற்பிறப்பு அகராதி அங்கே இலவசம். டச்சுக்கு எட்டிமாலஜிபேங்க் என்ற சொற்பிறப்புத் தளம். ஸ்வீடிஷுக்கு 2023-ல் நிறைவடைந்த ஸ்வீடிஷ் அகாடமியின் பேரகராதி. அதற்கு ஸ்வீடிஷ் வாசிக்கத் தெரிய வேண்டும். எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்புத் தளம் படிக்க இனிமையானது, ஆனால் தலைச்சொற்கள் ஆங்கிலம் மட்டுமே. ஆண்டுகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிதான் சிறந்தது; முழுப் பதிவுகளுக்குச் சந்தா வேண்டும்.

விக்சனரியைக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதானால் வெறும் முகவரியைக் கொடுக்காதீர்கள். 'பெர்மனென்ட் லிங்க்' எடுத்துக் கொடுங்கள். நாளை யாராவது பதிவைத் திருத்தினாலும் நீங்கள் பார்த்த வடிவம் வாசகருக்குக் கிடைக்கும்.